அப்பாவின் கோப்பும் துள்ளுகிற பக்கமும்

அப்பாவிடம் ஒரு பொய் சொன்னேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கணினிக் கதைக்குப் பிறகு வரலாம்.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, பாபகூரா வீட்டுக் குசினியில் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அப்பா கோப்பையைப் பார்த்தபடியே கேட்டார்.

"தம்பி, நான் அனுப்பினதை வாசிச்சனியோ?"

"ஓம் அப்பா. நல்லா இருக்கு."

"எந்த இடம் நல்லா இருந்தது?"

"எல்லாம்தான்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார். நான் பதினொரு பக்கத்துக்கு மேல் வாசிக்கவில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அவருக்கு விளங்கியது எனக்கும் விளங்கியது.

அவர் அனுப்பியது அவருடைய ஊர்க்கதை. சாவகச்சேரிப் பக்கத்துச் சிறு ஊர், அவர் படித்த பள்ளிக்கூடம், வேலை பார்த்த தபால் கந்தோர், 1980களில் ஒவ்வொன்றாக வெறுமையாகிய வீடுகள், பிறகு இங்கே வந்து சேர்ந்த கதை. நான்கு வருடமாக இரண்டு விரலால் தட்டி எழுதியிருக்கிறார். நான் ஓக்லாந்தில் பிறந்தவன். அந்த ஊரை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். வீட்டில் வேறு யாருக்கும் அனுப்பவில்லை. எனக்குத்தான் முதலில் அனுப்பினார்.

ஏன் வாசிக்கவில்லை? என்னிடம் ஒரு சாட்டு இருந்தது. "பக்கம் துள்ளுகிறது." உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதில் பாதி உண்மை. அந்தப் பாதியைத் திருத்தப் போன இடத்தில்தான் மற்றப் பாதி எனக்குத் தெரியவந்தது.

முதலில் கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா பாமினி எழுத்துருவில் தட்டெழுதியவர். உங்கள் வீடுகளிலும் பழைய கோயில் அழைப்பிதழோ கலியாணக் கார்டோ பாமினியில் இருக்கக்கூடும். பாமினியில் உண்மையில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான். அதன் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவதுதான் எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மா என்ற சொல்கூட அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதனால் முதல் வேலையாகக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றிய கோப்பு 900 கிலோபைட் வந்தது. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ஆகவே ஏறத்தாழ 3 இலட்சம் குறிகள். ஒரு சிறு புத்தகம்.

அதைக் காலையில் வேலைக்குப் போகும் ரயிலில் வாசிப்பது என்று முடிவெடுத்தேன். பாபகூராவில் ஏறினால் பெரும்பாலும் இருக்கை கிடைக்கும். மடிக்கணினியைத் திறந்தால் நகரம் போய்ச் சேரும்வரை நேரம் இருக்கிறது. வேலையில் நான் நாள்முழுக்கப் பாவிப்பது விம் என்ற உரைத்தொகுப்பி. அதிலேயே அப்பாவின் கோப்பையும் திறந்தேன்.

முதல் பக்கம் வாசித்தேன். கீழே போக ஒரு விசையைத் தட்டினேன். திரை ஒரேயடியாகப் பாய்ந்தது. நான் இருந்த வரி எங்கே? மேலே போய்த் தேடினேன். மீண்டும் பாய்ச்சல். தக்கானினியில் ஏறியவர் மனுரேவாவில் என் பக்கத்தில் இடம் மாறி உட்கார்ந்தபோதும் நான் அதே பந்தியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பப்பாடோய்டோய் வரும்போது மூடி வைத்துவிட்டேன். அடுத்த நாளும் அதேதான். மூன்றாம் நாள் செய்தி பார்க்கத் தொடங்கினேன்.

அப்பாவிடம் பொய் சொன்ன சனிக்கிழமை இரவு எனக்கு நித்திரை வரவில்லை. எழும்பிப் போய்க் கணினியைத் திறந்து, ஏன் துள்ளுகிறது என்று பார்த்தேன். பொறியியல் படித்தவனுக்கு வெட்கம் வந்தால் மன்னிப்புக் கேட்பதைவிட மென்பொருளைத் திருத்துவது சுகம்.

முதல் காரணம் சுலபமாகப் பிடிபட்டது. அப்பா பந்தி முடியும்போதுதான் என்டர் விசையை அழுத்துவார். அதாவது ஒரு பந்தி முழுவதும் கணினிக்கு ஒரே ஒரு வரி. திரையில் அது பதினைந்து வரியாக மடிந்து தெரிந்தாலும் உள்ளே ஒன்றுதான். விம் நீண்ட காலமாக அந்த உள்வரியைத்தான் அலகாக வைத்திருந்தது. திரையின் உச்சியில் ஒரு வரி தொடங்கலாம், ஆனால் ஒரு வரியின் நடுப்பகுதி அங்கே நிற்க முடியாது. ஒரு வரி நகர்த்து என்றால் பதினைந்து வரிப் பந்தி முழுவதும் ஒரே பாய்ச்சலில் மேலே போய்விடும். நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய குறை இல்லை, நிரலில் வரிகள் குட்டையானவை. கதை வாசிப்பவனுக்குக் குறை. 2024 ஜனவரியில் வந்த விம் 9.1 பதிப்பில் ஸ்மூத்ஸ்க்ரோல் என்ற தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் மடிந்த வரிகள் ஒவ்வொன்றாக நகரும். போட்டேன். பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இந்தப் பாய்ச்சலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. விம்முக்கு மூத்தது விஐ. 1976இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜோய் எழுதியது. அவர் வீட்டிலிருந்து வேலை செய்த மோடத்தின் வேகம் 300 பாட், அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 30 எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து என்றால் ஒரு திரைக்கு 1920 எழுத்து. முழுத்திரையும் புதிதாக வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நாளில் மனிதனின் கண்ணுக்காக அழகாக நகர்த்த யாருக்கு நேரம்? எவ்வளவு குறைவாகத் திரையை மாற்றலாம் என்பதுதான் கேள்வி. ஆனால் இரண்டே வருடத்தில், 1978இல், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விடி100 முனையம் வந்தது. அதில் மென்நகர்வு என்று ஒரு தெரிவே இருந்தது. அதைப் போட்டால் செக்கனுக்கு அதிகபட்சம் 6 வரி என்ற வேகத்தில் எழுத்துகள் வழுக்கிக்கொண்டு மேலே போகும். கண்ணால் பின்தொடரலாம். நான் பிறக்க முன்னரே தீர்த்து வைத்த ஒன்றைத்தான் நான் ரயிலில் இருந்து திட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, விம்மில் பாதி தீர்ந்தது. மற்றப் பாதி? டெர்மினல் திரையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரே அகலப் பெட்டிகளுக்குள் அடங்க வேண்டும். தமிழ் அதற்கு அடங்காது. 'கொ' என்பதில் ககரத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும் குறி, திரையில் பாதி முன்னாலும் பாதி பின்னாலும் வரைய வேண்டியது. என் டெர்மினலில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடந்தது. ஆகவே ஈமாக்ஸ் என்ற இன்னொரு உரைத்தொகுப்பிக்கு மாறினேன். 2020இல் வந்த அதன் 27ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகத்தை அது பயன்படுத்துகிறது. பயர்பொக்ஸ், குரோம் உலாவிகளிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிய உதவுவது அதே நூலகம்தான். எழுத்து அழகாக வந்தது. பக்கம் இன்னும் துள்ளியது.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று யோசித்தேன். இதே ஈமாக்ஸில், இதே விசையால், ஆங்கிலக் கோப்பு ஒன்றைத் திறந்து பக்கம் பக்கமாகப் போனேன். ஒன்றும் செய்யவில்லை. எந்த இடத்தையும் தொலைக்கவில்லை. பாய்ச்சல் அதே பாய்ச்சல்தான். மென்பொருள் மாறவில்லை. மாறியது நான்.

ஆங்கிலத்தில் பக்கம் பாய்ந்தால், புதுத்திரையில் கண் விழுந்த உடனேயே நான்கைந்து சொற்களை ஒரே மூச்சில் அள்ளிவிடுகிறேன். இது வாசித்தது, இது வாசிக்காதது என்று நினைக்காமலே தெரிகிறது. தமிழில் அப்படி இல்லை. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறேன். ஒரு நீண்ட சொல்லின் கடைசிக்கு வரும்போது அதன் முதல் பகுதி நழுவத் தொடங்கியிருக்கும். அப்படி வாசிக்கிறவனுக்கு அந்த வரியின் இடம்தான் ஒரே பிடி. பக்கம் பாயும்போது அந்தப் பிடி போய்விடுகிறது. ஒவ்வொரு தட்டலுக்கும் ஏழெட்டுச் சொல்லைத் திரும்பக் கூட்டி வாசித்து, இது பார்த்ததா பார்க்காததா என்று கண்டுபிடிக்க வேண்டும். பத்துப் பக்கத்தில் களைத்துவிடும்.

உங்களில் எத்தனை பேருக்கு இது நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்கு இது நடக்கிறது என்று முப்பது வயது தாண்டித்தான் கண்டுபிடித்தேன். அதுவரை "எனக்குத் தமிழ்ப் புத்தகம் பிடிக்காது" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆகவே திருத்தத் தொடங்கினேன். இந்த முறை எனக்காக.

ஈமாக்ஸின் வழக்கமான பக்க நகர்வில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. முழுத்திரையையும் மாற்றாமல், பழைய பக்கத்தின் கடைசி 2 வரிகளைப் புதுப்பக்கத்தின் உச்சியில் விட்டுவைக்கும். விம்மும் அப்படித்தான். பிடித்துக்கொள்ள இரண்டு வரி. ஆனால் பாய்ச்சல் பாய்ச்சல்தான். 2023 ஜூலையில் வந்த 29ஆம் பதிப்பில் பிக்சல் அளவில் நகர்த்தும் முறை ஒன்று சேர்ந்தது. அதன் உள்ளே இன்னொரு தெரிவைப் போட்டால், பக்க விசையைத் தட்டும்போதும் பாயாமல் வழுக்கிக்கொண்டு போகும். போட்டேன். வழுக்கியது. பிறகுதான் பார்த்தேன், அது முழு உயரத்தையும் வழுக்கிக் கொண்டுபோய்விட்டது. விட்டுவைத்த அந்த இரண்டு வரி காணாமல் போயிருந்தது.

எனவே சிறு நிரல் ஒன்று எழுதினேன். திரை உயரத்திலிருந்து இரண்டு வரியைக் கழித்துவிட்டு நகர்த்து. வெறும் கழித்தல் கணக்கு. ஓட்டினேன். உச்சியில் ஒரு வரி முழுதாகவும் இன்னொரு வரி பாதி வெட்டுப்பட்டும் நின்றது. அரைமணி நேரம் தலையைச் சொறிந்த பிறகு விளங்கியது. கணினி இரண்டு வரி என்று கழித்தது ஆங்கில எழுத்துருவின் வரி. என் திரையில் அது 20 பிக்சல். தமிழ் எழுத்துருவின் வரி 27 பிக்சல். மேலே சுழியும் கீழே உகரக் கொக்கியும் நிற்க இடம் வேண்டுமல்லவா? 40 பிக்சல் கழித்தால் தமிழில் ஒன்றரை வரிதான் மிஞ்சும். ஆகவே கணக்கை விட்டுவிட்டேன். திரையில் முழுதாகத் தெரியும் கடைசி வரியைக் கண்டுபிடி, அதற்கு முந்திய வரியை உச்சிக்குக் கொண்டு வா என்று எழுதினேன். எந்த எழுத்துருவாக இருந்தாலும் இரண்டு வரி இரண்டு வரியாகவே நிற்கும்.

அடுத்தது வேகம். ஈமாக்ஸ் அந்த வழுக்கலுக்கு வைத்திருந்த நேரம் 0.1 செக்கன். என் திரையில் 30 தமிழ் வரி. இரண்டு போக 28 வரி, 756 பிக்சல். திரை செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கும். 0.1 செக்கனில் 6 படம். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 126 பிக்சல், நாலரை வரிக்கு மேல். அதைக் கண் பின்தொடர முடியாது. பெயருக்குத்தான் அது வழுக்கல், கண்ணுக்கு அது மங்கலான பாய்ச்சல். நேரத்தை 0.3 செக்கனாக்கினேன். 18 படம், ஒவ்வொன்றுக்கும் 42 பிக்சல், ஒன்றரை வரி. கடைசியில் கொஞ்சம் மெதுவாகி நிற்கும்படியும் வைத்தேன். இப்போது நான் வாசித்துக்கொண்டிருந்த வரியைக் கண்ணால் பிடித்தால் அது மேலே போவது தெரிந்தது. இடம் தொலையவில்லை.

பெருமையாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருடைய கோப்பு, அவருடைய சொற்கள், வெண்ணெய்போல வழுக்குகிறது. மூன்று தடவை தட்டினேன். அப்பா கதிரையின் கைப்பிடியைப் பிடித்தார்.

"நிப்பாட்டு தம்பி. உது என்ன இப்பிடி வழுக்குது? எனக்குத் தலை சுத்துது."

நான் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். இது என் தொழில். 2013இல் ஐபோனின் ஐஓஎஸ் 7 அசையும் திரைகளோடு வந்தபோது பலருக்குத் தலைசுற்றியது, குமட்டியது. உள்காதின் சமநிலை உறுப்பு அசையவில்லை என்கிறது, கண் அசைகிறது என்கிறது. இரண்டும் முரண்படும்போது சிலருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது. இன்று எல்லாப் பெரிய இயங்குதளங்களிலும் அசைவைக் குறைக்கும் தெரிவு இருக்கிறது. இணையத்தளங்கள் அதை மதித்து நடக்கவும் வழி இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு இதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொந்த அப்பாவுக்குக் காட்டும்போது மறந்துவிட்டேன்.

"அப்ப பாய்ஞ்சால் உங்களுக்கு இடம் தவறாதோ?" என்று கேட்டேன்.

அப்பா எழும்பிப் போய்த் தன் மேசையிலிருந்து ஒரு மர அடிமட்டத்தை எடுத்து வந்தார். திரைக்குக் குறுக்கே, வாசிக்கும் வரிக்குக் கீழே பிடித்தார். பக்கத்தின் அடிக்கு வந்ததும் கடைசி வரியின் கடைசிச் சொல்லை வாய்விட்டுச் சொன்னார். விசையைத் தட்டினார். பக்கம் பாய்ந்தது. அந்தச் சொல்லை உச்சியில் தேடி, அதன் கீழே அடிமட்டத்தை வைத்தார். நான்கு வருடமாக இப்படித்தான் எழுதிப் பிழை பார்த்திருக்கிறார்.

நான் அந்த இரண்டு வரியைப் பற்றிச் சொன்னேன். பழைய பக்கத்தின் முடிவு புதுப்பக்கத்தின் தொடக்கமாக நிற்கிறது என்றேன். அவர் உடனே சொன்னார்.

"அது அந்தாதி எல்லோ."

அந்தம் என்றால் முடிவு, ஆதி என்றால் தொடக்கம். ஒரு பாட்டு முடியும் சொல்லிலோ அசையிலோ அடுத்த பாட்டைத் தொடங்கும் முறை. காரைக்கால் அம்மையார் அப்படிப் பாடியிருக்கிறார். அபிராமிப் பட்டரின் நூறு பாட்டும் அப்படித்தான் கோத்து நிற்கிறது. மனப்பாடம் செய்கிறவனுக்கு அடுத்த பாட்டு தவறிப் போகாமல் இருக்க அதுவே பிடி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எனக்கு அந்தாதி என்றால் ஒரு மதிப்பெண் கேள்வி. அன்றைக்குத்தான் அது எதற்கு உதவும் என்று தெரிந்தது.

அப்பாவின் கணினியில் வழுக்கலை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக இருக்கும் வரியை மெல்லிய மஞ்சளாகக் காட்டவும், இரண்டு வரிக்குப் பதிலாக நான்கு வரி விட்டுவைக்கவும் செய்தேன். அடிமட்டத்தை அவர் இன்னும் கைவிடவில்லை. என் கணினியில் வழுக்கல் இருக்கிறது. ஒரே கோப்பு, இரண்டு வாசகர், இரண்டு ஏற்பாடு.

மிச்சக் கதை சின்னது. திங்கட்கிழமை ரயிலில் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கினேன். இப்போது பக்கம் துள்ளவில்லை. சொல்லச் சாட்டும் இல்லை. மெதுவாகத்தான் போனேன், ஒரு நாளைக்கு ஆறேழு பக்கம். மெதுவாக வாசிப்பது இன்னும் என் பிரச்சினைதான். அதை எந்த நிரலும் திருத்தாது. வாசித்தால்தான் திருந்தும். மூன்றாம் கிழமையில் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். அன்றிரவு அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, சங்கடப்படலை எண்டால் என்ன?"

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். படலை என்றால் வீட்டு வாசல் கேற். அதற்குக் கூரை போட்டு, இரண்டு பக்கமும் திண்ணை கட்டி வைத்தால் சங்கடப்படலை. வழியால் போகிறவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் அங்கே இருந்துவிட்டுப் போகலாம். குடிக்கத் தண்ணீர் வைத்திருப்பார்கள். யார் என்று கேட்க மாட்டார்கள். அவருடைய அம்மம்மா வீட்டில் ஒன்று இருந்தது. இதெல்லாம் கோப்பில் இருந்தது. கோப்பில் இல்லாத இன்னும் அரைமணி நேரக் கதையும் சொன்னார்.

கடைசியில் நான் சொன்னேன். "அப்பா, அண்டைக்கு நான் வாசிச்சனான் எண்டது பொய்."

"தெரியும்," என்றார். "அதுதான் எந்த இடம் எண்டு கேட்டனான்."

இப்போது கோப்பில் பாதியைத் தாண்டிவிட்டேன். பிழைகளைக் குறித்து வைக்கிறேன், விளங்காத சொற்களைத் தனியே எழுதி வைக்கிறேன். சனிக்கிழமைகளில் அவற்றைக் கேட்கிறேன்.

உங்களிடமும் இப்படி ஒரு கோப்போ, கொப்பியோ, வட்ஸ்அப்பில் வந்த நீளமான தகவலோ வாசிக்காமல் கிடக்கக்கூடும். திறந்து பாருங்கள். களைத்தால் முதலில் திரையைச் சந்தேகியுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். விஎஸ் கோட் பாவிக்கிறவர்கள் வரி மடிப்பைப் போட்டு, மென்நகர்வுத் தெரிவையும் போட்டுப் பாருங்கள். அது தானாகப் போடப்பட்டு வருவதில்லை. தலை சுற்றினால் நிறுத்திவிட்டு அடிமட்டம் எடுங்கள். ஏற்பாடு எல்லாம் சரியாகி இன்னும் கஷ்டமாக இருந்தால், அது உங்கள் வாசிப்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாசித்ததாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். எந்த இடம் என்று கேட்பார்கள்.